படத்தில் இல்லாத ஐஸ் பாக்டரி

"டீச்சர், படத்துலகூட உங்க கனம் குறையல!"

மாடிப்படியில் மூச்சு வாங்க இறங்கிக்கொண்டிருந்தான் சுருட்டை. கையில் டீச்சரின் உருவப்படம். கீழே டீச்சர், மூட மறுத்த பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அதைப் பணியவைத்துக்கொண்டிருந்தார்.

"வாயை மூடிட்டு இறங்குடா. விழுந்தா ரெண்டு பேருக்கும் அடி."

"உங்களுக்கு நேர்லயும் அடி, படத்துலயும் அடி. இனிமே கனம் டீச்சர் அவர்களேன்னு மரியாதையாவே கூப்பிட்டுடுறேன்."

சுருட்டை என்பது முடியைப் பார்த்து வந்த பெயர். பள்ளிக்கூடத்தில் இதே டீச்சரிடம் கணக்கில் வருஷம் தவறாமல் கோட்டை விட்டவன். டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டுத் துப்பறியக் கிளம்பியபோது, "விடை தெரியாம முழிக்கறதுல எனக்கு நல்ல அனுபவம் இருக்கு" என்று சொல்லி உதவியாளனாக ஒட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அவன் வாய்க்கு மட்டும் லீவு கிடையாது.

"கண்ணுகிட்ட கை வெச்சிடாதீங்க தம்பி. அங்க மட்டும் இன்னும் காயல" என்று பின்னாலேயே இறங்கி வந்தாள் டீச்சரின் தங்கை. புடவைத் தலைப்பிலும் முழங்கையிலும் நீலச் சாயம். இந்த ஊருக்குப் படம் வரைய வந்தவள், இங்கேயே வீடு பார்த்துத் தங்கிவிட்டாள்.

டீச்சர் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். பிறந்தநாளுக்கென்று தங்கை மாதக்கணக்கில் வரைந்த படம். மூக்குக் கண்ணாடி, மோவாயில் இருந்த மரு, யாராவது தப்பு விடை சொன்னால் ஏறுகிற இடது புருவம், எல்லாம் அப்படியே வந்திருந்தன. பின்பக்கத்தில் சாக்குத்துணி வைத்துப் பத்திரமாக ஆணியும் அடித்திருந்தாள். கண்கள் மட்டும் பார்ப்பவரை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விட்டிருந்தன.

"ஏன்டீ, கண்ணு எங்கியோ பாக்குது?"

"அப்படி வெச்சாத்தான்க்கா படம் நிக்குது" என்று சொல்லிவிட்டுத் தங்கை ஜன்னல் பக்கம் போனாள். "மத்தியானப் பஸ்ஸை விட்டுடாதே. நீ வந்ததே பெரிய விஷயம்."

வந்த விஷயம் இதுதான். அந்தக் கடலோர ஊரில் மனுஷருக்குக் கிடைக்காத மரியாதை வெளிச்சத்துக்குக் கிடைக்கும். ராத்திரி மழை பெய்து, காலையில் கடலிலிருந்து பனிமூட்டம் எழுந்து, அதற்குப் பின்னால் சூரியன் வந்துவிட்டால் போதும், கரை முழுக்கப் பாலில் முக்கி எடுத்த நிறத்துக்கு வந்துவிடும். எந்தப் பொருளுக்கும் நிழல் இருக்காது. பால் வெளிச்சம் என்பார்கள். அதை முதலில் பார்க்கிறவர் "வந்தாச்சு!" என்று கத்தினால், அடுப்பில் இருப்பது பொங்கட்டும், பாதி மழித்த தாடி பாதியிலேயே நிற்கட்டும் என்று ஓவியர்கள் அத்தனை பேரும் கேன்வாஸைத் தூக்கிக்கொண்டு படகுத்துறைச் சுவருக்கு ஓடுவார்கள். வீட்டைப் பூட்டுவது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வராது.

போன வாரம் அப்படி ஓடிப்போய், திரும்ப மழை பிடித்து எல்லோரும் நனைந்துகொண்டு வந்து பார்த்தால், ஓவியர்களின் பொது அறையில் பெரியவரின் கடைசிப் படம் மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. பெரியவர் போன வருஷம் காலமானவர். ஊருக்கு ஓவியர்கள் வந்து சேர்ந்ததே அவரால்தான். மரப்பலகையில் வரைந்த அந்தச் சின்னப் படத்தை நகரத்து மியூசியத்துக்குக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது.

"அக்கா, நீ வந்தாத்தான் உண்மை வெளிய வரும்" என்று தங்கை போனில் அழுதாள். டீச்சரும் சுருட்டையும் வந்து ஊர் வீடுகளைக் குடைந்து பார்த்துவிட்டார்கள். படம் கிடைக்கவில்லை. ஆள் மட்டும் கிடைத்துவிட்டதாக ஓவியர் சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். எல்லா ஓவியர்களிடமும் அன்று காலை துறையில் வரைந்த படம் இருந்தது. படங்களுக்குச் சட்டம் போடும் சட்டக்காரரிடம் மட்டும் இல்லை. அவர் ஓவியர் இல்லையே! மத்தியானப் பஸ்ஸில் போலீஸ்காரர் வந்து அவரைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு.

"பஸ் வர்றதுக்குள்ள அந்தப் படங்களை இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடுறேன்" என்று டீச்சர் எழுந்தார்.

"இன்னும் என்னக்கா பாக்கணும்?" தங்கையின் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"வாத்தியார் புத்தி. விடை வந்தப்புறமும் ஒரு தடவை கூட்டிப் பாத்தாத்தான் தூக்கம் வரும்."

பொது அறை மேட்டின் மேல் ஒரு மாடியில் இருந்தது. அங்கே போக ஐஸ் பாக்டரியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தகரக் கூரையும் இரைச்சலும் மூக்கைப் பொத்தவைக்கும் நெடியுமாக, விரிகுடாக் கரையின் நட்டநடுவில் அது அசையாமல் உட்கார்ந்திருந்தது. மீன் பிடிக்கிறவர்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. படம் வரைகிறவர்களுக்கு அதுதான் கண்ணில் விழுந்த தூசி.

மாடியில் படங்களைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார் தலைவர். தாடியைத் தடவிக்கொண்டே, "படம் பொய் சொல்லாதும்மா" என்றார், நேற்றும் அதற்கு முந்தின நாளும் சொன்னது போலவே.

எல்லாப் படத்திலும் அதே துறை, அதே கடல், தூரத்தில் அதே கலங்கரை விளக்கம். சுருட்டை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனவன் நிமிர்ந்தான்.

"டீச்சர், ஐஸ் பாக்டரியைக் காணோம்! பெரியவர் படத்தோட அதையும் சேத்துத் தூக்கிட்டான் போல. திருடன் பலசாலி."

தலைவர் சிரித்துவிட்டார். "அதை நாங்க யாரும் வரையறதில்ல தம்பி. காசு குடுத்து வாங்கறவங்க வீட்டுச் சுவத்துல ஐஸ் பாக்டரியையா மாட்டுவாங்க? பல வருஷமா அப்படித்தான். விட்டு விட்டு இப்ப அது எங்க கண்ணுக்கே தெரியறதில்ல."

"அப்ப அந்த இடத்துல என்ன போடுவீங்க?" என்றார் டீச்சர்.

"அவங்கவங்க இஷ்டம். மரம், பாறை. நான் ரெண்டு ஆடு போட்டிருக்கேன் பாருங்க."

"படம் பொய் சொல்லாதுன்னீங்க. உங்க ஆடு எந்த ஊரு?" என்றான் சுருட்டை. தலைவர் தாடியைத் தடவுவதை நிறுத்திவிட்டார்.

டீச்சர் அந்த ஒரே இடத்தை மட்டும் படத்துக்குப் படம் பார்த்துக்கொண்டு போனார். ஒருவர் தென்னை வைத்திருந்தார். இன்னொருவர் வெறும் மணல்மேடு. கடைசியில் தங்கையின் படம். அத்தனையிலும் அதுதான் அழகு. அக்காக்காரி என்பதால் சொல்லவில்லை, தலைவரே ஒத்துக்கொண்டார். ஐஸ் பாக்டரி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை மூட்டம், அதன் நடுவே தீற்றலாக ஒரு மஞ்சள்.

"இது என்ன மஞ்சள்?"

"நானும் கேட்டேன். 'கண்ணுக்குப் புடிச்சுது'ன்னு சொல்லுச்சு. எங்களுக்கெல்லாம் கை இருக்கு, உங்க தங்கச்சிக்குக் கண்ணு இருக்கு" என்றார் தலைவர். டீச்சருக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சட்டக்காரரின் பட்டறை வாசலில் இரண்டு ஓவியர்கள் காவல் இருந்தார்கள். கையில் தடி இல்லாததால் ஆளுக்கொரு பெரிய பிரஷ்ஷைப் பிடித்திருந்தார்கள்.

"சட்டம் தன் கடமையைச் செய்யும்னு சொல்லுவாங்க. இந்த ஊர்ல சட்டத்தையே உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்களே" என்று சொல்லிக்கொண்டே சுருட்டை உள்ளே நுழைந்தான்.

சட்டக்காரர் சிரிக்கவில்லை. வாய் நிறைய ஆணிகளைக் கவ்வியபடி யாருடைய படத்துக்கோ சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். ஜெயிலுக்குப் போகிற அன்றைக்கும் ஒப்புக்கொண்ட வேலை நிற்கக் கூடாது என்கிற ரகம். ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு, "என்னம்மா, இன்னும் என்ன பாக்கி?" என்றார்.

"அன்னிக்குக் காலையில எங்க இருந்தீங்க?"

"முந்தாநேத்தே சொன்னேனே! ஐஸ் பாக்டரிக்குப் பின்னாடி."

"என்ன செஞ்சீங்கன்னு சொல்லல."

"நீங்க கேக்கல."

நியாயமான பேச்சு. டீச்சர் ஒரு பலகை மேல் உட்கார்ந்தார். "இப்பக் கேக்கறேன்."

"மரத்து மேல மூடற தார்ப்பாய் ராத்திரி மழையில சேறாயிடுச்சு. பாக்டரிக்குப் பின்பக்கம் ஒரு குழாய் இருக்கு. எப்பப் போனாலும் இவங்க யாராவது பிரஷ் கழுவிக்கிட்டு நிப்பாங்க. 'வந்தாச்சு'ன்னு கத்தினதும் எல்லாரும் ஓடினாங்களா, குழாயடி காலியாச்சு. போய் அலசி, அங்கயே கொல்லைச் சுவத்துல விரிச்சுப் போட்டேன். பீடி ஒண்ணு முடியறதுக்குள்ள மழை திரும்பப் புடிச்சுக்கிச்சு. சுருட்டிக்கிட்டு வந்துட்டேன். இதை யார் பாத்தா? எவன் நம்புவான்?"

"அந்தத் தார்ப்பாய் எங்க?"

சட்டக்காரர் மூலையைக் காட்டினார். அடுக்கிவைத்த மரத்தின் மேல் அது கிடந்தது. நல்ல எலுமிச்சை மஞ்சள்.

ஏதோ சொல்ல வாயைத் திறந்த சுருட்டை, சொல்லாமலே மூடிக்கொண்டான்.

"ஊரே திருடன்னு ஒதுக்கினப்ப உங்க தங்கச்சி மட்டும்தாம்மா மனுஷியா நடந்துக்கிச்சு" என்றார் சட்டக்காரர். "வேளாவேளைக்கு சாப்பாடு கொண்டாந்து வெச்சிட்டு, 'சீக்கிரம் விட்டுடுவாங்கண்ணே'ன்னு சொல்லிட்டுப் போகும். என் கண்ணைப் பாத்து மட்டும் பேசாது. அழுதுடுவோம்னு பயம் போல."

டீச்சர் எழுந்து வெளியே வந்தார்.

ஐஸ் பாக்டரியின் பின்பக்கம் ஒரு சின்ன முற்றம். மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலே சுவர். நடுவில் குழாய். படகுத்துறையிலிருந்து பார்த்தால் பாக்டரியின் முதுகுக்குப் பின்னால் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. டீச்சர் குழாயடியில் நின்று நாலாபுறமும் பார்த்தார். நாலாவது பக்கம் மேடு. மேட்டின் மேல் ஒரே ஒரு ஜன்னல் இந்த முற்றத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. தாடியைத் தடவிக்கொண்டு தலைவர் அதன் அருகே நின்றிருப்பது இங்கிருந்தே தெரிந்தது. பொது அறையின் ஜன்னல்.

சுருட்டை காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"ஏன்டா, சட்டக்காரர் ஆணி உன் வாயில மாட்டிக்கிச்சா?"

"இல்ல டீச்சர்."

"தெரிஞ்சு போச்சு. இல்ல?"

"எனக்குக் கணக்கு வராதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே. தப்பாக்கூட இருக்கும்."

"சரியாத்தான்டா போட்டிருக்க" என்றார் டீச்சர். "ஆடு போட்டவர், தென்னை போட்டவர் எல்லாம் துறையில இருந்தவங்க. பாக்டரிக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. அதனால பொய்யா எதையோ போட்டாங்க. அந்த இடத்துல நிஜத்தைப் போட்டவ ஒருத்திதான். அந்த மஞ்சள் அங்க இருந்தது, கத்தின சத்தத்துக்கும் மழைக்கும் நடுவுல. அதைப் பாக்கணும்னா அந்த ஜன்னல்ல நின்னுட்டு அப்புறம்தான் துறைக்கு ஓடியிருக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அதன் எடை டீச்சர் மேல் விழுந்தது. தங்கை பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயந்தபோது கையைப் பிடித்து இழுத்துப்போனவர் அவர். படம் வரையப் போகிறேன் என்றபோது வீட்டில் எல்லோரோடும் சண்டை போட்டவரும் அவர்தான். ஊர் வீடுகளையெல்லாம் குடைந்தவர், ஒரு வீட்டுக்குள் மட்டும் தேடவில்லை. அந்த வீட்டில் அவர் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். டீச்சரின் தங்கை வீடாச்சே என்று வேறு யாரும் அங்கே தேடவில்லை. தன்னை எதற்காக வரவழைத்தாள் என்பது டீச்சருக்கு இப்போது புரிந்தது.

தங்கை கொல்லைப்புறத்தில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கழுவுவது நின்றது.

"அந்த மஞ்சளை விட்டிருக்கலாமேடீ" என்றார் டீச்சர்.

தங்கை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் டீச்சருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"விட முடியலக்கா. அவ்வளவு வெள்ளைக்கு நடுவுல அது ஒண்ணுதான் உயிரா இருந்துது."

"பக்கத்துல அந்த மனுஷன் நின்னாரே, அவர் உயிரா தெரியலையா?"

"ஆதாரம் இல்லன்னு ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க. நான் விசாரிச்சுட்டேன்."

"சாப்பாடு வேற கொண்டு போய்க் குடுத்திருக்க!"

தங்கை பிரஷ்ஷைக் கீழே போட்டாள். "அது என் படம்க்கா. பெரியவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சப்புறம் பிரஷ் புடிச்சது யாருன்னு நினைக்கிற? அந்தப் பலகையில அவர் கை பட்டது கையெழுத்துல மட்டும்தான். எல்லாருக்கும் சொல்லிடறேன், சொல்லிடறேன்னார். சொல்லாமலே போய்ட்டார். என் படம் அவர் பேர்ல மியூசியத்துக்குப் போகும், நான் நின்னு கை தட்டணுமா?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா நீ ஆதாரம் கேப்பே."

டீச்சர் கேட்டிருப்பார்தான். "சரி, உன் படத்தை நீ எடுத்தே. அந்தாளோட நல்ல பேரையும் எடுத்தியே, அதை யார் வரைஞ்சது?" என்றார்.

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"படம் எங்க?"

"நீ கிளம்புக்கா. பஸ் வந்துடுச்சு. உன் சாமானையெல்லாம் எடுத்துக்கிட்டுக் கிளம்பு, போதும்."

இதுவரை வாசலிலேயே நின்றிருந்த சுருட்டை, தொண்டையைக் கனைத்தான். "டீச்சர், காலையில நான் ஒரு ஜோக் சொன்னேன்."

"இப்பவாடா அது?"

"படத்துலகூட உங்க கனம் குறையலன்னு சொன்னேன்ல? அது ஜோக் இல்ல டீச்சர். துணியில வரைஞ்ச படம் அவ்வளவு கனக்கக் கூடாது."

டீச்சர் தங்கையைப் பார்த்தார். தங்கை அந்த உருவப்படத்தில் இருந்த கண்களைப் போலவே வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் ஊரைவிட்டுப் போகிறவர்களின் மூட்டைகளை ஓவியர்கள் அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருட்டுக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு அது. டீச்சரைக் கண்டதும், "டீச்சர் சாமானை எவனும் தொடக்கூடாது!" என்று அதட்டினார் தலைவர். இதைத்தான் தங்கை நம்பியிருந்தாள். போலீஸ்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கித் தொப்பியைச் சரிசெய்தார். பிரஷ்காரர்கள் இருவர் நடுவே சட்டக்காரர் வந்து நின்றார். தங்கையும் வந்தாள், ஓடிப்போகத் தோன்றவில்லையோ என்னவோ, எல்லோருக்கும் பின்னால் நின்றுகொண்டாள்.

டீச்சர் உருவப்படத்தைச் சுருட்டையிடமிருந்து வாங்கினார். கனத்தது. அப்படியே சட்டக்காரர் கையில் கொடுத்தார்.

"பின்பக்கத்தைக் கழட்டுங்க."

"எதுக்கும்மா? நல்லாத்தானே..." என்று திருப்பிப் பார்த்தவர், "இது நான் அடிச்ச ஆணி இல்லையே" என்று முணுமுணுத்தார். இந்த ஊரில் அவர் ஆணி அடிக்காத படம் எது? இடுப்பிலிருந்து குறடு எடுத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சாக்குத்துணி விலகியது. கேன்வாஸுக்குப் பின்னால் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது பெரியவரின் பலகை.

தலைவர் பலகையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், அதற்குமேல் கணக்கு அவருக்கு ஓடவில்லை.

"என்னை இந்த ஊருக்கு வரவழைச்சதே இதை வெளிய கொண்டு போகத்தான்" என்றார் டீச்சர் போலீஸ்காரரிடம். குரல் வகுப்பில் பேசுகிற குரலாகவே வந்தது. அதற்கு அவர் ரொம்பப் பாடுபட்டார். "இவர் சொன்னது நிஜம். அதுக்குச் சாட்சி என் தங்கச்சி வரைஞ்ச படத்துலயே இருக்கு. மேல வாங்க, காட்டறேன். பெரியவர் படத்தை நிஜமா வரைஞ்சது யாருங்கிறதையும் அவளே சொல்லுவா. அதையும் எழுதிக்குங்க."

சட்டக்காரர் குறடும் கையுமாகத் தங்கையைத் தேடிப் பார்த்தார். "ஏம்மா, சாப்பாடெல்லாம் கொண்டாந்து குடுத்தியே..." என்று ஆரம்பித்தவர், முடிக்காமல் குனிந்து சிதறிக் கிடந்த ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. தங்கை முன்னால் வந்தாள். பலகையை அவள் பார்க்கவே இல்லை. பின்பக்கம் பிய்ந்து அக்காவின் கையில் தொங்கிக்கொண்டிருந்த உருவப்படத்தைத்தான் பார்த்தாள்.

"மொதல்ல நேரா என்னைப் பாக்கற மாதிரிதான்க்கா வரைஞ்சிருந்தேன்" என்றாள். "பின்னாடி பலகையை வெச்சு ஆணி அடிக்கக் கை வரல. அப்புறம்தான் கண்ணை மாத்தினேன்."

போலீஸ்காரர் அவளை முன்னால் நடக்கவிட்டு மேட்டில் ஏறினார். பஸ் இவர்களை விட்டுவிட்டே கிளம்பிப் போனது. சுருட்டை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றான். படத்துக்காகக் கையை மட்டும் நீட்டினான்.

டீச்சர் கொடுக்கவில்லை. இப்போது கனமே இல்லாத அந்தப் படத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். கண்களில் மட்டும் ஈரம் இன்னும் காயவில்லை.